எந்தப் பக்கம் எரியுது

நிஷா என்று அந்தப் புயலுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். கேட்டால் ரெட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்று நினைக்கத் தோன்றும். இரண்டாயிரத்து எட்டாம் வருடம் நவம்பர் கடைசியில் அது காரைக்கால் பக்கம் கரையேறியது. கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர். கரண்ட் போய் ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. செல்போன் டவரும் படுத்துவிட்டது. டிவி இல்லை, பேப்பர் போடுகிறவன் வரவில்லை. வெளியே என்ன நடக்கிறது என்று யாராவது கேட்டால், மழை பெய்கிறது என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

என் பூத் போன் மட்டும் உயிரோடு இருந்தது. அந்த மாதிரி போனுக்கு வீட்டுக் கரண்ட் தேவையில்லை. வீட்டின் முன்னறையைத் தடுத்து எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். ஆளாளுக்கு செல்போன் வாங்கிய பிறகு அங்கே உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மைதான். "லைன சரண்டர் பண்ணிடு தங்கம், தண்டம்" என்று என் வீட்டுக்காரர் சுப்பராயலு அடிக்கடி சொல்வார். "மொதல்ல ஒங்க பீடிய சரண்டர் பண்ணுங்க, அப்புறம் என் லைனுக்கு வாங்க" என்பேன். அவர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டர். கம்பெனியில் எதற்கும் பயப்படாத மனுஷன், வீட்டில் என் வாய்க்குப் பயப்படுவார்.

அந்த வியாழக்கிழமை காலையில் முதல் போன் எனக்கு இல்லை, எதிர்வீட்டு தேவசகாயம் அண்ணனுக்கு. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறார். அவர் மகள் பிரிசில்லா சிதம்பரத்திலிருந்து பேசினாள்.

"அத்தை, வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. எனக்கு விடியக்காலத்துலேருந்து இடுப்பு ஒரு மாதிரி வலிக்குது. அப்பாவக் கூப்புடுங்க."

அவளுக்குத் தலைப்பிரசவம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் அழைத்து வருவதாக இருந்தார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டு சிதம்பரம் ரோடே துண்டாகிவிட்டது. மாப்பிள்ளை நெய்வேலியில் வேலைக்குப் போனவர் திரும்ப முடியவில்லை. அண்ணன் வந்து பேசினார். இன்னும் நாள் இருக்குது, சூட்டு வலியாத்தான் இருக்கும், சீரகத் தண்ணி குடிம்மா, கொஞ்ச நேரம் கழிச்சி நானே போன் பண்ணிக் கேக்கறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் தெருவே என் கடை வாசலில் வந்து நின்றது. எல்லார் செல்லும் செத்துப்போனதும் தங்கம்மாளின் ஞாபகம் வந்துவிட்டது பாருங்கள். நெத்திலி காயப் போட்ட இடத்தில் காக்கா கூடின மாதிரி கூட்டம். ஒவ்வொருத்தராக விட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்தர் பேசி வைத்த கையோடு போன் அடித்தது.

"அம்மா."

ஊதினால் அணைகிற மாதிரி ஒரு குரல்.

"யாருங்க அது? சத்தமா பேசுங்க, மழையில ஒண்ணும் கேக்கல."

"அம்மா, நான் இளவரசு. சத்தமா பேச முடியாதும்மா. நீயும் கத்தாத. நான் சொல்றத மட்டும் கேளு."

எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. சிதம்பரத்தில் கேட்டரிங் படித்துவிட்டு மும்பையில் கடலோரத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றில் கிச்சன் வேலைக்குப் போயிருந்தான். கூடப் படித்த நெல்லிக்குப்பத்துப் பையன் கதிர்வேலுக்கும் அதே ஹோட்டலில்தான் வேலை. இரண்டு பேரும் ஒரே ரூமில் தங்கியிருந்தார்கள். லீவுக்கு வந்தால் கதிர்வேல் எங்கள் வீட்டில் ஒரு வேளை சாப்பிடாமல் நெல்லிக்குப்பம் பஸ் ஏற மாட்டான்.

"ஓட்டலுக்குள்ள துப்பாக்கியோட ஆளுங்க பூந்துட்டாங்கம்மா. நேத்து ராத்திரியே. பாக்கறவங்கள எல்லாம் சுடறாங்க. நாங்க கொஞ்சம் பேரு சாமான் ரூம்ல கதவ அடைச்சிக்கிட்டு உக்காந்திருக்கோம். கதிரும் இங்கதான் இருக்கான்."

"டேய், போலீசுக்குச் சொன்னீங்களாடா?"

பைத்தியக்காரக் கேள்வி. வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"போலீசு, மிலிட்டரி எல்லாம் வெளிய நிக்கறாங்களாம். இப்ப புகை வருதும்மா. எங்கியோ எரியுது. எறங்கறதுக்கு ரெண்டு படி இருக்குது, கடல் பக்கம் ஒண்ணு, பின்னால தெருப்பக்கம் ஒண்ணு. எந்தப் பக்கம் எரியுதுன்னு உள்ள இருந்து தெரியல. போலீசுக்கு அடிச்சா லைன் கெடைக்கல. எல்லாரு போன்லயும் சார்ஜ் போயிடுச்சு, என்னுதுலதான் கொஞ்சம் இருக்குது. டிவியில நேரா காட்டறாங்களாம். நீ டிவியப் போட்டு, எந்தப் பக்கம் எரியுதுன்னு பாத்து வெய்யி. நான் திரும்பப் பண்றேன்."

இங்கே கரண்ட் இல்லைடா என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அந்தக் குரலிடம் எப்படிச் சொல்வது?

"பாக்கறேன்டா கண்ணு."

"நீ பண்ணாதம்மா. இங்க போன் அடிச்சா வெளிய தெரிஞ்சிடும். நானே பண்றேன். லைன ஃப்ரீயா வெய்யி."

வைத்துவிட்டான். ரிசீவரைத் தாங்கியில் வைத்தேன். உள்ளே போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கம்பெனிக்குள் தண்ணீர் வந்து மூடிவிட்டதால் வீட்டில்தான் படுத்திருந்தார். பாதி கேட்கும்போதே எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினார்.

"ஜெனரேட்டரு எங்க ஓடும்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். "செம்மங்குப்பம் பக்கம் ஒரு கம்பெனி கேட்டுல ஓடும். வாட்ச்மேன் ரூம்ல டிஷ் வெச்ச டிவி இருக்குது. பாத்துட்டு ஓடியாந்துடறேன். நீ போன விட்டு நவுராத."

"மழைக்கு டிஷ் எடுக்குமாங்க?"

"எடுக்கலன்னா வேற எடம் பாக்கறேன். என்னா பண்ணச் சொல்ற?" என்று என்மேல் விழுந்தார். தெருமுனைப் பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவர் மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாசலில் இருந்த கூட்டத்தை விரட்டினேன். "லைன் போயிடுச்சு, போங்க" என்றேன். "இப்பத்தான மணி அடிச்சுது?" என்றார்கள். "அடிச்சுது, செத்துச்சு, போறீங்களா இல்லையா?" என்று கத்தினேன். புயல் நேரத்துல இவளுக்குத் திமிரப் பாரு என்று முனகிக்கொண்டே கலைந்தார்கள். உண்மையைச் சொன்னால் தெருவே உள்ளே வந்து உட்கார்ந்து அழும். ஒப்பாரிக்கு நடுவில் போன் மணி எனக்குக் கேட்காது. திமிர் பிடித்தவள் என்றே இருந்துவிட்டுப் போகிறேன் என்று கதவைப் பாதி சாத்திவிட்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

போன் முன்னால் உட்கார்ந்து பிழைத்தவள்தான் நான். ஆனால் ஒரு போனை அப்படிப் பார்த்ததில்லை. லைன் இன்னும் இருக்கிறதா என்று எடுத்துக் கேட்கலாம். எடுக்கிற அந்த நொடியில் அவன் அடித்தால்? எடுக்காமல் இருக்கலாம். எடுக்காமலே லைன் செத்துப் போயிருந்தால்? இந்தக் கூத்திலேயே நேரம் போனது. மாரியாத்தா, உனக்குக் கண்ணில்லையா என்று ஒரு பக்கம், இவர் இன்னும் என்னத்தைப் புடுங்கிக்கொண்டு இருக்கிறார் என்று ஒரு பக்கம்.

கதவை மெல்லத் தள்ளிக்கொண்டு தேவசகாயம் அண்ணன் வந்தார். குடை இருந்தும் தெப்பமாக நனைந்திருந்தார்.

"தங்கச்சி, பாப்பாவுக்கு ஒரு போன் போடணும்மா."

நான் போன்மேல் கையை வைத்து மூடிக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இளவரசுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர் அண்ணன்தான். அவன் காதைத் திருகாத நாள் இருக்காது.

"ஐயோ ஆண்டவரே" என்றார். பிறகு, "அப்ப வேணாம்மா. நீ லைன விடாத. நான் வேற எங்கியாச்சும் பாக்கறேன்" என்று திரும்பிப் படியிறங்கினார்.

வேறு எங்கே பார்ப்பார்? ஊரில் வேறு போன் ஏது? சண்டை போட்டிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன், சத்தியமாகக் கொடுத்திருக்க மாட்டேன். அந்த மனுஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் காலை வைத்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. அத்தை என்று கூப்பிட்ட பெண், வீட்டுக்குள் தண்ணீரில் தனியாக நிற்கிறாள்.

"அண்ணே, வாங்க. சீக்கிரம் பேசுங்க."

முதல் போன் பிரிசில்லாவுக்கு. வலி விட்டு விட்டு வருகிறதாம், இது சூட்டு வலி இல்லை என்று வீட்டுக்கார அம்மா சொல்கிறாளாம். இரண்டாவது போன், சிதம்பரத்தில் டிராக்டர் வைத்திருக்கிற செம்பியனுக்கு, அண்ணனின் பழைய மாணவன். "இதோ எடுக்கறேன் சார்" என்று அவன் சொன்னது வெளியே எனக்கே கேட்டது. இரண்டையும் சுருக்கமாகத்தான் பேசினார். நான் ரிசீவருக்குக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. தயங்கி என் முகத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, சம்பந்தியம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா?"

சம்பந்தி வீடு மேல்பட்டாம்பாக்கத்தில். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், பிள்ளை வலியில் துடிக்கும்போது சம்பந்தி என்ன பெரிய கலெக்டரா என்று. எங்களுக்குத் தெரியும். தலைப்பிரசவம் பெண்வீட்டுப் பொறுப்பு. ஏழாம் மாசமே அழைத்துப் போங்கள் என்று அவர்கள் சொல்லியும் அண்ணன்தான் தள்ளிப் போட்டார். வலி கண்ட சேதி முதலில் அவர்களுக்குப் போகாவிட்டால், பிள்ளைக்கு ஒன்று ஆனாலும் பேச்சு, ஆகாவிட்டாலும் பேச்சு. "எங்கள ஒரு மனுசரா மதிக்கலியே" என்பதை பிரிசில்லா சாகும் வரைக்கும் கேட்க வேண்டும். என் நாத்தனார் இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"சொல்லிடுங்கண்ணே. ஒரே வார்த்தை" என்றேன்.

அவர் ஒரு வார்த்தைதான் சொன்னார். அந்தப் பக்கம் அந்த அம்மா அழத் தொடங்கிவிட்டது. அப்புறம் அழுகை நின்றது. அண்ணன் சட்டென்று கண்ணை மூடித் தலை குனிந்தார். எனக்குப் புரியவில்லை. ரிசீவரிலிருந்து ஏற்றமும் இறக்கமுமாக ஒரு குரல் வந்தது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று அண்ணன் நடுவில் சொன்னபோதுதான் தெரிந்தது, அந்த அம்மா போனிலேயே ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தது.

ஜெபத்தை யார் குறுக்கே வெட்டுவது? அண்ணனால் முடியாது. நான் வேறு சாமி கும்பிடுகிறவள், என்னாலும் முடியாது. நீட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். என் கை தானாகக் கூப்பிக்கொண்டது. எந்தச் சாமியாக இருந்தால் என்ன, கேட்கிற காது ஒன்று அந்தக் கம்பியில் இருந்தால் போதும் என்றிருந்தது. அண்ணனின் தோளைத் தொட்டேன்.

"எம் புள்ள பேரையும் சொல்லச் சொல்லுங்கண்ணே."

அவர் கண் திறக்காமலே தலையாட்டினார். ஆமென் சொல்லி முடிகிற நேரத்தில், "அம்மா, இன்னொரு புள்ளைக்காகவும் ஜெபம் பண்ணணும், இளவரசுன்னு, பம்பாயில ஆபத்துல இருக்கான்" என்றார். அந்த அம்மா முகம் பார்த்திராத என் பிள்ளைக்காக முதலிலிருந்து தொடங்கியது. அதுவும் உருகி உருகி, நீளமாக. அண்ணன் அழுதார், நானும் அழுதேன். உள்ளதைச் சொல்கிறேன், அன்றைக்கு முழுக்க எனக்கு நெஞ்சு லேசான நேரம் அது ஒன்றுதான்.

அண்ணன் ரிசீவரை வைத்துவிட்டு, "கர்த்தர் கைவிட மாட்டாரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் என் வீட்டுக்காரர் வந்தார். செருப்பில்லை, காலில் கண்ணாடி கிழித்து ரத்தம். வாசலிலிருந்தே கத்தினார். "கடல் பக்கம்! கடல் பக்கந்தான் எரியுது! பின்னாடி தெருவுல போலீசு நிக்குது, பின்படி வழியா ஆளுங்கள எறக்கறான், டிவியில கண்ணால பாத்தேன். பின்னாடி வரச் சொல்லு! பேசுனானா?"

"இன்னும் இல்லைங்க."

"இன்னும் இல்லியா?"

இரண்டு பேரும் போன் முன்னால் உட்கார்ந்தோம். பதில் எங்களிடம் இருந்தது. செம்மங்குப்பம் வரை நீந்திப் போய்க் கொண்டுவந்த பதில். கேட்பதற்கு ஆள் அடிக்கவில்லை. மத்தியானம் ஆனது. அடுப்பு மூட்டவில்லை. போன் அடித்தால் அள்ளிக்கொள்ள வேண்டுமென்று இவர் ரிசீவருக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வைத்தபடியே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நாமளே அடிக்கலாங்க. ஒரே ஒரு வார்த்தை. பின்படின்னு சொல்லிட்டு வெச்சிடறேன்."

"அடிக்காதன்னு புள்ள சொல்லியிருக்கான்."

"சைலன்டுல போட்டு வெச்சிருப்பான்."

"போடலன்னா?"

நம்பரை அழுத்தத் தொடங்கினேன். கடைசி எண்ணுக்கு முன்னால் விரல் நின்றுவிட்டது. கதவுக்கு வெளியே எவனோ துப்பாக்கியோடு நடக்கிறான், உள்ளே இருட்டில் என் பிள்ளையின் சட்டைப்பையில் பாட்டு ஒலிக்கிறது. அப்படியே வைத்துவிட்டேன். வைத்த பிறகு, வைத்ததற்காக இவரைத் திட்டினேன். "நீங்கல்லாம் ஒரு அப்பனா?" என்று கேட்டேன். அவர் காலில் இருந்த கண்ணாடித் துண்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பெற்றவர்களாம் நாங்கள். தெருநாய்கூடக் குட்டிக்கு ஆபத்தென்றால் குறுக்கே போய் விழும். எங்களால் ஒரு பட்டனை அமுக்க முடியவில்லை.

அன்று அவன் போன் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மணி அடித்தது. பாய்ந்து எடுத்தேன். ஒரு ஆம்பிளைக் குரல், இந்தி. நடுவில் இளவரசு என்று வருகிறது, ஆஸ்பிடல் என்று வருகிறது. மற்றதெல்லாம் கடகடவென்று ஓடுகிறது. "இருக்கானா? இருக்கானா சொல்லுய்யா!" என்று தமிழில் கத்துகிறேன். அவர் இந்தியில் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலத் திரும்பச் சொல்கிறார். ஆறுதல் சொல்கிற குரலா, சந்தோஷம் சொல்கிற குரலா? எனக்கு எதுவும் பிடிபடவில்லை. தெருக்கோடியில் பட்டாளத்தில் இருந்து வந்த உத்திராபதி இந்தி பேசுவார் என்று இவர் ஓடினார். நான் "ஹோல்டு, ஹோல்டு" என்று எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். உத்திராபதி வந்து ரிசீவரைக் காதில் வைக்கும்போது லைன் அறுந்திருந்தது.

இந்தியில் பொழச்சிட்டான் என்பதற்கு என்ன, செத்துட்டான் என்பதற்கு என்ன என்று உத்திராபதியிடம் கேட்டேன். இரண்டையும் சொன்னார். இரண்டுமே நான் கேட்ட மாதிரிதான் இருந்தது.

சாயங்காலம் அவனே பேசினான். வேறு யாருடைய போனோ.

"அம்மா, வந்துட்டேன்."

எதுவும் கேட்காமல் கொஞ்ச நேரம் அழுதேன். அவன் அழவில்லை. மிலிட்டரி வந்துதான் இறக்கியது, புகையை முழுங்கிவிட்டதால் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், வேறு ஒன்றும் இல்லை என்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

"கதிரு எங்கடா? அவங்கிட்ட குடு, நல்லாத் திட்டணும் அவன."

அவன் பக்கத்தில் யாரோ இருமுகிறார்கள்.

"கதிரு எங்கடா?"

"கடல் பக்கம் போனாம்மா" என்றான்.

தண்ணீர் வடிந்த பிறகு என் வீட்டுக்காரர்தான் நெல்லிக்குப்பம் போய் கதிர்வேலின் அம்மா செல்லாயியிடம் சொன்னார். புருஷன் இல்லாதவள், கரும்பு வெட்டுக்குப் போய் மகனைப் படிக்க வைத்தவள்.

பிரிசில்லா டிராக்டரில் ஆஸ்பத்திரி போய் ஆண்பிள்ளை பெற்றாள். அண்ணன் கற்கண்டோடு ஓடி வந்தார். "ஜெபம் வீண் போகல தங்கச்சி, ரெண்டு புள்ளையும் பொழச்சிச்சு பாத்தியா" என்றார். கற்கண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

இளவரசு வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஸ்டேஷனில் இறங்கியபோது கையைக் காலைத் தடவிப் பார்த்தேன், எல்லாம் இருந்தது. என் பிள்ளை முழுசாக வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். வீட்டில் கதவுக்கு எதிராக உட்கார மாட்டேன் என்றான். சுவரோரமாகத்தான் உட்காருவான். சோறு போட்டால் சாப்பிடுவான், போடாவிட்டால் கேட்க மாட்டான். நடந்ததை அவன் அப்பாவிடம் மட்டும், அதுவும் பிய்த்துப் பிய்த்துச் சொன்னான்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"திரும்பப் பண்றேன்னியேடா. பண்ணியா?"

"பண்ணேன்."

"எப்ப?"

"மொத பேசி ஒரு மணி நேரம் இருக்கும். எங்கேஜ்டா இருந்துச்சு. கொஞ்சம் விட்டுப் பண்ணேன். அப்பவும் எங்கேஜ்டு. அப்புறம் சார்ஜ் போயிடுச்சு." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அதுக்கு மேல இருக்க முடியாது, புகையில செத்துடுவோம்னு கதிரு சொன்னான். பாதிப் பேரு அவன்கூட கெளம்பிட்டாங்க. என்னையும் கூப்ட்டான். எங்கம்மா பாத்துச் சொல்லும், கொஞ்சம் இருடான்னேன். கேக்கல."

அவன் அடித்தபோது லைனில் அவனுக்காகத்தான் ஜெபம் நடந்துகொண்டிருந்தது என்று எப்படிச் சொல்வேன்? லைன் கிடைத்திருந்தாலும் அப்போது என்னிடம் பதில் இல்லை என்பது எனக்கே தெரியும். அவன் அப்பா இன்னும் வந்து சேரவில்லை. ஆனால், "இருங்கடா, அப்பா வந்துடுவாரு, யாரும் போவாதீங்க" என்றாவது சொல்லியிருப்பேனே. கதிர்வேல் என் பேச்சைத் தட்ட மாட்டான். இதை ராப்பகலாக எனக்குள் புரட்டிப் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பையன் படியிறங்கிக்கொண்டுதான் இருக்கிறான்.

"யாருகிட்டம்மா பேசிக்கிட்டு இருந்த?" என்று இளவரசு கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. கோபமாகக் கேட்டிருந்தால் இன்னும் தேவலை.

செல்லாயி தினமும் போன் பண்ண ஆரம்பித்தாள். நெல்லிக்குப்பம் கடைத்தெருவில் எங்கேயோ வரிசையில் நின்று, அவளுக்கு வேலை ஒழிகிற நேரத்துக்குப் பண்ணுவாள். "இளவரசுகிட்ட குடு தாயி. எம் புள்ள கடேசியா இன்னா பேசுனான்னு அது வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்." அவன் தூங்கறான், வெளிய போயிருக்கான் என்று ஒவ்வொரு நாளும் ஒரு பொய். எத்தனை நாள்தான் ஒரு தாயை ஏமாற்றுவது? நானாவது நாலு வார்த்தை உண்மையாகப் பேச வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

அன்று சாயங்காலம் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். முன்னறையில் போன் அடித்தது. செல்லாயிதான், அவள் நேரம். "இரு, வந்துடறேன்" என்று எழுந்தேன்.

இரண்டடி போயிருக்க மாட்டேன். பின்னாலிருந்து வந்து என்னைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தான். சோற்றுக் கையாலேயே என் வாயைப் பொத்தினான். மூக்கும் சேர்ந்து அடைத்தது. நான் திமிறினேன். அவன் இன்னும் இறுக்கினான். காதுக்குள், போனில் கேட்ட அதே குரலில், "ஷ்ஷ்... சத்தம் போடாத. வெளிய நிக்கறான்" என்றான்.

அவன் அப்பாவிடம் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. புதன்கிழமை ராத்திரி அந்த ரூமில் பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் போன் திடீரென்று அடித்ததாம், அவள் வீட்டிலிருந்து. அவள் பயத்தில் கத்தப் போனாள், இவன்தான் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தானாம், விடியும் வரைக்கும்.

திமிறுவதை நிறுத்தினேன். டேய், நான் உன் அம்மாடா என்று சொல்லலாம் என்றால் வாய் அவன் கைக்குள் இருந்தது. அவன் நெஞ்சு என் முதுகில் தடதடவென்று இடித்தது. கையைத் தூக்கி அவன் கைமேல் வைத்தேன், விலக்குவதற்கு இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, அந்தப் பெண் எப்படி இருந்திருப்பாளோ அப்படியே நின்றேன்.

முன்னறையில் போன் அடித்து அடித்து நின்றது. அவன் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.